சர்வரை ஓயாமல் கூப்பிடாதீர்கள்!



விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். காலை எட்டு மணி. நல்ல கூட்டம். ஒரு மசால் தோசை கேட்கிறீர்கள். "ஐந்து நிமிஷம் ஆகும் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சர்வர் அடுத்த மேசைக்குப் போகிறார்.

நீங்கள் பேசாமல் காத்திருக்கலாம். அல்லது இரண்டு விநாடிக்கு ஒரு முறை, "சர்வர், தோசை வந்துவிட்டதா?" என்று கூப்பிடலாம். பாவம், அவர் ஒவ்வொரு முறையும் அடுப்படிக்குப் போய், எட்டிப் பார்த்து, திரும்பி வந்து, "இன்னும் வரவில்லை" என்று பதில் சொல்ல வேண்டும். ஒருவர் இப்படிச் செய்தால் சமாளித்துவிடுவார். கடையில் உள்ள நாற்பது பேரும் செய்தால்? அவர் நடந்துகொண்டே இருப்பார். ஆனால் எந்த மேசைக்கும் எதுவும் வந்து சேராது. மூலையில் விக்கலோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும் பெரியவரைக் கவனிக்க ஆள் இருக்காது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் சர்வர் உண்டு. நாம் கேட்கும் பக்கங்களையும் தகவல்களையும் எடுத்துப் பரிமாறும் கம்ப்யூட்டருக்கு அதே பெயர்தான். அந்தச் சர்வருக்கும் இதே சங்கடம் நேர்வதுண்டு. அதை நான் தெரிந்துகொண்டது ஓர் இரவில்.

இரவு பதினொன்றரை மணி

நான் பணிபுரியும் கல்லூரி திண்டிவனத்தில், வீடு விழுப்புரத்தில். நடுவில் சுமார் 40 கிலோமீட்டர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் ஒரு தந்தையும் மகளும் காத்திருந்தார்கள். விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமம். பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள். வேறோர் ஊரில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு இணையதளம் மூடப்பட்டுவிடும்.

"காலையிலிருந்து முயற்சி பண்றோம் சார், சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார் தந்தை.

என் கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். பெயர், மதிப்பெண் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கட்டணம் செலுத்தும் இடத்தில் பக்கம் நின்றுவிட்டது. ஆனால் பக்கத்தின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி மட்டும், "வணக்கம்! உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று சிரித்துக்கொண்டிருந்தது. நேரடி உரையாடலுக்கான பெட்டி. அந்தப் பெண் அதில் தன் குறையை எழுதினாள். பதில் வரவில்லை.

பதினொன்று முப்பதுக்குச் சற்றுப் பின், தடை விலகியது போல எல்லாம் ஓட ஆரம்பித்தது. பதினொன்று நாற்பதுக்கு ரசீது வந்தது. அன்று எத்தனை வீடுகளில் பன்னிரண்டு மணி கடந்து போனதோ!

அந்த இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவர்களில் ஒருவர் என் பழைய மாணவர் என்பது பிறகு தெரிய வந்தது. "என்னப்பா நடந்தது?" என்று கேட்டேன். "விண்ணப்பங்களால் வந்த நெரிசல் இல்லை சார். அந்த உரையாடல் பெட்டிதான் சர்வரைத் தின்றுவிட்டது. பதினொன்றரைக்கு அதன் கேள்விகளை வாசலிலேயே தடுத்து நிறுத்தினோம். ஒன்றிரண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது" என்றார்.

உதவி செய்ய வைத்த பெட்டி எப்படி உபத்திரவமாயிற்று? வாருங்கள், கணக்குப் போட்டே கண்டுபிடிப்போம்.

பேசத் தெரியாத சர்வர்

இணையப் பக்கங்கள் ஒரு விதிப்படி நடக்கின்றன. ஜெனிவா நகரை ஒட்டியுள்ள செர்ன் என்ற அணுத்துகள் ஆராய்ச்சிக் கூடத்தில், 1989-ஆம் ஆண்டு முதல் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் வகுத்த முறை அது. விஞ்ஞானிகள் தங்கள் ஆய்வுத் தாள்களைப் பகிர்ந்துகொள்வதற்காக உருவானது. அதன் சாரம் இதுதான்: நம் கம்ப்யூட்டர் கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அத்தோடு முடிந்தது. சர்வர் தானாக முதலில் வாயைத் திறப்பதில்லை.

ஒரு தாளை எடுத்துப் படிக்க இது போதும். ஆனால் உரையாடலுக்கு? எதிர்முனையில் இருப்பவர் எப்போது பதில் எழுதுவார் என்று நமக்குத் தெரியாது. அவர் எழுதியதும் சர்வர் நம்மைக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. ஆகவே பெட்டியைச் செய்தவர்கள் எளிய வழி ஒன்றைப் பிடித்தார்கள். இரண்டு விநாடிக்கு ஒரு முறை பெட்டியே சர்வரிடம், "ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இதற்குப் போலிங் என்று பெயர். தோசைக்காரரின் அதே வழி!

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீங்கள் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். பக்கம் திறந்திருந்தாலே போதும். அது கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் காப்பி குடிக்க எழுந்து போனாலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

54 லட்சம் கேள்விகள்

இப்போது பென்சிலை எடுங்கள். நம் வசதிக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்.

ஒரே நேரத்தில் 3,000 பேர் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் 2 விநாடிக்கு ஒரு முறை கேட்கிறது. அப்படியானால் விநாடிக்கு 1,500 கேள்விகள். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடிகள். மொத்தம் 54 லட்சம் கேள்விகள்.

இந்த 3,000 பேரில் உண்மையாகவே உரையாடிக்கொண்டிருப்பவர்கள் 20 பேர் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் அரை நிமிஷத்துக்கு ஒரு செய்தி வருகிறது. மணிக்கு ஒருவருக்கு 120 செய்திகள். இருபது பேருக்கு 2,400.

ஆக, 2,400 செய்திகளைக் கொண்டுசேர்க்க 54 லட்சம் கேள்விகள்! ஒரு செய்திக்கு 2,250 கேள்விகள். அவற்றில் 2,249-க்குப் பதில், "இன்னும் வரவில்லை" என்பதே.

வெறுங்கையோடு திரும்பும் கேள்விக்கும் எடை உண்டு. யார் கேட்கிறார், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த மொழியில் என்றெல்லாம் உறையின் மேல் முகவரி எழுதியாக வேண்டும். போகவர 1,000 பைட் என்று வைத்தால் விநாடிக்கு 15 லட்சம் பைட். மணிக்கு 540 கோடி பைட். அத்தனையும் காலி உறைகள்!

வரிசையின் இயற்பியல்

"சர்வர் வேகமான கம்ப்யூட்டர் அல்லவா? சற்று மெதுவாகும், அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் இயற்கை நம்மை ஏமாற்றுகிறது.

பொங்கலுக்கு முதல் நாள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சாதாரண நாட்களில் தடையின்றிப் போகும் வண்டிகள் அன்று நீண்ட வரிசையில் நிற்கும். வண்டிகள் எத்தனை மடங்கு கூடுகின்றனவோ அத்தனை மடங்குதான் காத்திருப்பும் கூடும் என்று நினைத்தால் தவறு. சாவடியின் திறனை நெருங்க நெருங்க, வரிசை திடீரென்று வீங்கும்.

இந்தக் கணிதத்தைத் தொடங்கி வைத்தவர் எர்லாங் என்ற டென்மார்க் அறிஞர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். எத்தனை பேர் பேசினால் எத்தனை இணைப்புகள் தேவைப்படும் என்பதை ஆராய்ந்து 1909-இல் கட்டுரை வெளியிட்டார். அவர் போட்ட பாதையில் பிறந்த எளிய சூத்திரம் ஒன்று:

சராசரி நேரம் = 1 ÷ (முடிக்கும் வேகம் − வரும் வேகம்)

முடிக்கும் வேகம் என்பது சர்வர் ஒரு விநாடியில் முடிக்கக்கூடிய வேலைகள். வரும் வேகம் என்பது ஒரு விநாடியில் வந்து சேரும் வேலைகள். ஒரே சர்வர், வேலைகள் முன்பின்னாக வருகின்றன, ஒவ்வொன்றும் எடுக்கும் நேரமும் முன்பின்னாக இருக்கிறது என்ற நிலைக்கு இது பொருந்தும்.

நம் சர்வர் விநாடிக்கு 2,000 வேலைகளை முடிக்கும் என்று கொள்வோம். 3,000 பேர் விண்ணப்பம் நிரப்புவதால் விநாடிக்கு 300 வேலைகள் வருகின்றன. உரையாடல் பெட்டி இல்லாவிட்டால் சராசரி நேரம் 1 ÷ 1,700, அதாவது 0.0006 விநாடி. கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு.

இனிப் பெட்டிகளையும் சேருங்கள். 300 + 1,500 = 1,800. நேரம் 1 ÷ 200, அதாவது 0.005 விநாடி. இன்னும் ஆபத்தில்லை.

மாலையில் கூட்டம் 3,300 ஆகிறது. வேலைகள் 330 + 1,650 = 1,980. நேரம் 1 ÷ 20, அதாவது 0.05 விநாடி. பார்த்தீர்களா? ஆட்கள் பத்தில் ஒரு பங்கு கூடினார்கள். காத்திருப்போ பத்து மடங்காகிவிட்டது!

இரவில் 3,600 பேர். 360 + 1,800 = 2,160. வருவது முடிப்பதைவிட அதிகம். இனிச் சூத்திரம் செல்லாது. விநாடிக்கு 160 வேலைகள் வரிசையில் தேங்கத் தொடங்கும். பத்து நிமிஷத்தில் 96,000 தேங்கும். புதிதாக வரும் விண்ணப்பம் அந்த வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அதன் முறை வர 48 விநாடி ஆகும். அதற்குள் பொறுமை இழந்து நாம் பொத்தானை மறுபடி அழுத்துவோம். அது இன்னும் ஒரு வேலை! வரிசை மேலும் நீளும்.

பெட்டியே இல்லாதிருந்தால் அந்த 3,600 பேரும் கொடுத்திருக்கும் வேலை விநாடிக்கு வெறும் 360. சர்வரின் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை மறித்து நின்றவை மற்ற மாணவர்களின் விண்ணப்பங்கள் அல்ல, "ஏதாவது செய்தி உண்டா?" என்ற வெற்றுக் கேள்விகள்.

என்ன செய்யலாம்?

முதல் வழி, தேவையில்லாதபோது கேட்காமல் இருப்பது. பயனர் பெட்டியைத் தொட்டுத் திறந்த பிறகுதான் அது கேட்கத் தொடங்க வேண்டும். நம் கணக்கில் 20 பேர்தான் பேசுகிறார்கள். 2 விநாடிக்கு ஒரு முறை என்றாலும் விநாடிக்கு 10 கேள்விகளே. 1,500 எங்கே, 10 எங்கே! செலவே இல்லாத மருந்து இது. பயனர் வேறு பக்கத்துக்குப் போய்விட்டால் கேள்வியை நிறுத்துவதும், வெகுநேரம் செய்தி வராவிட்டால் இடைவெளியைப் படிப்படியாக நீட்டுவதும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

இரண்டாம் வழி, கேள்வியைக் கையில் வைத்திருப்பது. கேட்டவுடன், "இல்லை" என்று சொல்லாமல், செய்தி வரும்வரை அல்லது அரை நிமிஷம் ஆகும்வரை சர்வர் பதிலை நிறுத்தி வைக்கும். "தோசை வந்ததும் சொல்கிறேன், உட்காருங்கள்" என்பது போல. 3,000 பேருமே கேட்டாலும் 30 விநாடிக்கு ஒரு முறைதான். விநாடிக்கு ஏறத்தாழ 100. இன்னொரு லாபமும் உண்டு. பழைய முறையில் ஒரு செய்தி சராசரியாக ஒரு விநாடி, அதாவது இடைவெளியில் பாதி நேரம், சர்வரில் தூங்கும். இந்த முறையில் வந்தவுடன் புறப்பட்டுவிடும்.

மூன்றாம் வழி, கதவைத் திறந்தே வைப்பது. டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துவிட்டால் இரு பக்கமும் நினைத்தபோது பேசலாம் அல்லவா? அதைப் போன்ற இணைப்புக்கு வெப்சாக்கெட் என்று பெயர். இதற்கான விதி 2011 டிசம்பரில் வெளியாயிற்று. ஒரு முறை இணைந்துவிட்டால், பின்னர் வரும் சின்னச் செய்தியின் மேலுறை சர்வரிலிருந்து வரும்போது 2 பைட், நம்மிடமிருந்து போகும்போது 6 பைட். ஆயிரம் பைட் உறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஆனால் திறந்த கதவு ஒவ்வொன்றுக்கும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் வேண்டும். ஒரு சர்வர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குமா என்பதே 1999-இல் வல்லுநர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ஆள் போடாமல், அசைவு உள்ள இணைப்பை மட்டும் கவனிக்கும் முறைகள் வளர்ந்தன. 2012-இல் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. அதற்கு அவர்கள் பயன்படுத்திய கம்ப்யூட்டர் மொழியின் பெயர் என்ன தெரியுமா? எர்லாங்! டெலிபோன் இணைப்பகங்களுக்காக சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த மொழி அது.

நான்காம் வழி, வேலையைப் பிரிப்பது. உரையாடலுக்கு ஒரு சர்வர், விண்ணப்பத்துக்கு ஒரு சர்வர். பேச்சு நின்றாலும் விண்ணப்பம் நிற்காது. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். எது நின்றால் ஒருவருடைய ஓர் ஆண்டு வீணாகுமோ, அதை விளையாட்டுச் சாமானோடு ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

ஐந்தாம் வழி, ஒன்றாகக் காலடி வைக்காதிருப்பது. சர்வர் ஒரு கணம் நின்று மறுபடி எழுந்தால், காத்திருந்த 3,000 பெட்டிகளும் அதே கணத்தில் பாய்ந்து வரும். அது மீண்டும் விழும். பாலத்தைக் கடக்கும் படைவீரர்களை ஒரே தாளத்தில் நடக்க வேண்டாம் என்று சொல்வார்கள் என ஒத்ததிர்வுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே யுக்திதான். ஒவ்வொரு பெட்டியும் 0 முதல் 60 விநாடிக்குள் குலுக்கிப் போட்ட ஒரு நேரம் காத்திருந்து வந்தால், விநாடிக்குச் சராசரியாக 50 பேரே வருவார்கள். ஹவாய்த் தீவுகளில் 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோகா என்ற ரேடியோ வலையில், மோதிக்கொண்ட செய்திகளை இப்படித்தான் வெவ்வேறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பினார்கள்.

இத்தகைய உரையாடல் கருவிகளை இன்று உலகத்துக்குச் செய்து தருபவற்றில் சோஹோ, சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் போன்ற, தமிழ்நாட்டில் வேர் விட்ட நிறுவனங்களும் உண்டு. நாளை உங்களில் சிலர் இந்த வேலையில் அமரக்கூடும். அப்போது இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும்.

நம் விரலும் ஒரு பெட்டிதான்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அப்படிப்பட்ட நாட்களில் நாம் என்ன செய்கிறோம்? போனை எடுத்து, "ரயில் உண்டா? மழை நிற்குமா?" என்று நிமிஷத்துக்குப் பத்து முறை பக்கத்தைப் புதுப்பிக்கிறோம். தேர்வு முடிவு வரும் காலையிலும் அப்படியே. நாமே நடமாடும் உரையாடல் பெட்டி ஆகிவிடுகிறோம்! உண்மையாகவே உதவி தேடும் ஒருவருடைய கேள்வி நம் வெற்றுக் கேள்விகளுக்குப் பின்னால் நின்றுவிடக் கூடாது அல்லவா?

வகுப்பில் செய்து பாருங்கள்

முப்பது மாணவர்கள் சேருங்கள். ஒருவர் சர்வர். அவரிடம் ஐந்து துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு மாணவர் பெயர். வேறு ஒருவர், நினைத்த நேரத்தில் ஒவ்வொரு சீட்டாகச் சர்வர் மேசையில் வைக்க வேண்டும். முதல் ஆட்டம்: எல்லோரும் பத்து விநாடிக்கு ஒரு முறை வரிசையில் வந்து, "எனக்குச் சீட்டு உண்டா?" என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் சர்வர் எத்தனை முறை வாய் திறந்தார், சீட்டு உரியவர் கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறியுங்கள். இரண்டாம் ஆட்டம்: யாரும் கேட்கக் கூடாது, சீட்டு வந்ததும் சர்வர் பெயரைக் கூப்பிடுவார். இரண்டு ஆட்டங்களின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. கேட்கும் இடைவெளியை 2 விநாடியிலிருந்து 10 விநாடியாக்கினால், 3,600 பேர் இருக்கும்போது மொத்த வேலை விநாடிக்கு எவ்வளவு? சராசரி நேரம் எவ்வளவு? (விடை: 360 + 360 = 720; 1 ÷ 1,280, அதாவது சுமார் 0.0008 விநாடி.)

2. அப்போது செய்தி சர்வரில் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும்? (விடை: 5 விநாடி. லாபமும் நஷ்டமும் சேர்ந்தே வருகின்றன!)

3. உங்கள் ஊரில் எந்தெந்த இடங்களில் வெற்றுக் கேள்வியால் வரிசை நீள்கிறது? அதைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. செய்தி சொல்ல வந்த நாளில் இந்தக் கணக்கை அவளுக்கும் தாளில் போட்டுக் காட்டினேன். கடைசி வரிவரை கவனமாகப் பார்த்துவிட்டு, "சார், அந்தப் பெட்டியில் நான் எழுதின கேள்வியும் அந்த வரிசையிலதானே நின்னிருக்கும்?" என்று கேட்டாள்.

ஆமாம். அவளுடைய கேள்வியும் அதில்தான் நின்றது.